மாத்திரையும் சாப்பாடும்: விலக்குவதா, நேரம் தள்ளுவதா, ஒரே அளவில் வைப்பதா?

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மாநிலம் தெரியும். இருதய மாத்திரை திருவனந்தபுரத்துச் சீட்டில் வாங்கியது. கவரின்மேல் 'ஆஹாரத்தினு சேஷம்' (சாப்பாட்டுக்குப் பிறகு) என்று மலையாளம். மூச்சுக்கு உள்ளது நாகர்கோவிலில் எழுதியது. காய்ச்சல் மாத்திரை முக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கியது. மூன்று இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு எது சேராது?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு மணிக்கூர் விட்டுச் சாப்பிடுங்க."

தைராய்டு மாத்திரைக்கு அது சரியான பதில். தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை இரண்டையும் 4 மணி நேரம் தள்ளி வைத்தால் போதும். இரண்டும் குடலுக்குள் சந்தித்து ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் மருந்தை உடைக்கும் இடத்தில், அதாவது கல்லீரலிலும் குடல் சுவரிலும், உணவு கைவைக்கும்போது கடிகாரம் அவ்வளவாக உதவாது. அங்கே வேறு மூன்று வழிகள் உண்டு: உணவை அறவே விலக்குவது, உணவை ஒரே அளவில் வைத்துக்கொண்டு மருந்தளவை அதற்கேற்ப அமைப்பது, உணவை அப்படியே விட்டு மருந்தை மாற்றுவது அல்லது குறைப்பது. எந்த மருந்துக்கு எந்த வழி என்பதுதான் தெரிய வேண்டியது. தவறான வழியைத் தேர்ந்தால், நோயாளி பத்தியமும் இருப்பார், ஆபத்தும் குறையாது.

கல்லீரல் மருந்தை இரண்டு கட்டமாகக் கையாள்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோக்ரோம் பி450 (சுருக்கமாக சி.ஒய்.பி) என்ற நொதிக் குடும்பம் மருந்து மூலக்கூறைச் செதுக்கி அதில் ஒரு 'பிடி' வைக்கிறது. அடுத்த கட்டத்தில் அந்தப் பிடியில் குளுகுரோனிக் அமிலம், சல்ஃபேட், குளூட்டாதயோன் இவற்றில் ஒன்றை மாட்டி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரிலோ பித்தத்திலோ தள்ளிவிடுகிறது. குளுகுரோனிக் அமிலம் சர்க்கரையிலிருந்து வருகிறது. சல்ஃபேட்டும் குளூட்டாதயோனும் புரதத்தில் உள்ள கந்தக அமினோ அமிலங்களிலிருந்து வருகின்றன. ஆக, தட்டில் விழுவது இரண்டு இடத்தில் வேலை செய்யும்: நொதியைக் கூட்டும் அல்லது முடக்கும், மூலப்பொருளை நிரப்பும் அல்லது காலிசெய்யும்.

பம்பளிமாஸ்: இங்கே விலக்குவதே முதல் வழி

மருந்துத் தாள்களில் 'கிரேப்ஃப்ரூட்' என்று இருப்பதைச் சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'திராட்சைப்பழம்' என்று போட்டுவிடுகிறார்கள். விளைவு: கொலஸ்டிரால் மாத்திரை போடுபவர் கம்பம் பன்னீர் திராட்சையை வீணாக ஒதுக்கிவிட்டு, வீட்டு முற்றத்தில் காய்க்கும் பம்பளிமாஸை உரித்துச் சாப்பிடுவார். கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அக்கரையில், அதாவது கேரளத்தில், கம்பிளி நாரங்கா என்கிறார்களே, அதுதான் அதன் தாய்வழி. நொதியை முடக்கும் ஃபியூரனோகூமரின்கள் தாயிலும் உண்டு.

இது தெரியவந்ததே தற்செயல். கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க முயன்றது. மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்தார்கள். மருந்தளவு ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. காரணம் மது அல்ல, சாறு. 1989-இல் அது வெளிவந்தது, 1991-இல் உறுதியானது.

நடப்பது இதுதான். சி.ஒய்.பி 3ஏ4 என்ற நொதி கல்லீரலிலும் இருக்கிறது, குடல் சுவரிலும் இருக்கிறது. குடல் சுவரில் இருப்பது செக்போஸ்ட் மாதிரி. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கை உள்ளே விடாமல் அங்கேயே உடைத்துவிடும். டாக்டர் எழுதும் மில்லிகிராம் அந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான். ஃபியூரனோகூமரின் அந்த நொதியோடு ஒட்டி அதை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. குடல் புதிதாக நொதி செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பன்னிரண்டு மணி நேரம் தள்ளினாலும் செக்போஸ்ட் திறந்தேதான் கிடக்கும். ஒரு டம்ளர் சாறு, சுமார் 200 மில்லி, இதற்குப் போதும்.

எல்லா மருந்துக்கும் இந்தப் பயம் வேண்டாம். சிம்வாஸ்டாட்டின் பெரிதாக ஏறும். அட்டோர்வாஸ்டாட்டின் அதைவிடக் குறைவாக. ரோசுவாஸ்டாட்டினைப் பழம் தொடுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரைகளில் ஃபெலோடிபின், நிஃபெடிபின் ஏறும். அம்லோடிபினில் மாற்றம் சொற்பம். வலிப்புக்கான கார்பமாசெபின், இருதயத் துடிப்புக்கான அமியோடரோன் பட்டியலில் உண்டு. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிவைத்துக்கொண்டு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு ஒரு சுளையும் வேண்டாம். அவர்களுக்கு ரத்தத்தில் மருந்தளவு சற்று ஏறினாலே சிறுநீரகம் பழுதாகும்.

பழத்தை விட மனமில்லையா? அப்படியானால் மருந்தை மாற்றக் கேட்கலாம். சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்பது டாக்டருக்கு ஒரு வரி வேலை. தானாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழம் தின்பது தேர்வே இல்லை. சிம்வாஸ்டாட்டின் மிகையானால் தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி வரும். சிறுநீர் கடுஞ்சாயா நிறத்துக்குப் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாத்துக்குடிக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இந்தக் குணம் இல்லை. ஆனால் ஒரு விசித்திரம்: தும்மலுக்குப் போடும் ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்கினால் மருந்து ஏறாமல் குறையும். அது நொதி விவகாரம் அல்ல. குடலில் மருந்தை உள்ளே ஏற்றும் கடத்தியைச் சாறு தற்காலிகமாக மறிக்கிறது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இங்கே நேரம் தள்ளுவது வேலை செய்யும். வெறும் தண்ணீரில் விழுங்கினால் பேச்சே இல்லை.

கீரையும் வால்வு மாத்திரையும்: விலக்கினால்தான் ஆபத்து

இந்த வட்டாரத்தில் இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா என்ற செயற்கை இருதய வால்வு முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது 1990-இல். உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ எடுத்தாக வேண்டும். அவர்களிடம் வீட்டில் சொல்லப்படும் முதல் வாக்கியம்: "கீரை தொடாதே."

கல்லீரல் ரத்தம் உறையவைக்கும் நான்கு காரணிகளைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்துகள் கல்லீரலில் அந்த வைட்டமினை மறுபடி பயன்படுத்தும் வழியை அடைக்கின்றன. கீரையில் வைட்டமின் கே ஏராளம். பாலக்கில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 480 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையாக அமெரிக்கக் கணக்கில் சொல்வது ஆணுக்கு 120, பெண்ணுக்கு 90. முருங்கையிலையும் தண்டுக்கீரையும் இதே வர்க்கம். சமைத்தால் அழியாது. எண்ணெயில் கரையும் சத்து என்பதால் தேங்காய் துருவிப் போட்ட துவரனில் இன்னும் நன்றாகவே உடலில் சேரும்.

இதைக் கேட்டதும் விலக்குவதுதான் புத்தி என்று தோன்றும். இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கீரைத் துவரன் சாப்பிடுகிறார். அதற்கேற்ப அவருக்கு மாத்திரை அளவு பிடிபட்டிருக்கிறது. இன்னொருவர் கீரையே தொடுவதில்லை; அவருக்குக் குறைந்த மில்லிகிராமிலேயே ஐ.என்.ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை எண்; ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகும்) இலக்குக்குள் நிற்கிறது. ஒரு கல்யாண வீட்டில் இருவருக்கும் ஒரு கரண்டி கீரை விழுகிறது. முதலாமவரிடம் கையிருப்பு உண்டு, அலை எழாது. இரண்டாமவரிடம் கையிருப்பு இல்லாததால் அந்த ஒரு கரண்டியே ஐ.என்.ஆரை இழுத்துக் கீழே கொண்டுபோகும். அவர் இரண்டு நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் அதே வேகத்தில் மேலே போகும். பத்தியம் கடுமையாக ஆக ஆக ஊஞ்சல் அதிகம் ஆடும்.

ஆகையால் இங்கே வழி 'ஒரே அளவு'. எவ்வளவு என்பது வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. எவ்வளவானாலும் அது மாறக்கூடாது என்பதே விதி. உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி வதங்கினால் ஒரு சின்னக் கிண்ணம் வரும். அந்தக் கிண்ணத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள், தராசு வேண்டாம். முட்டைக்கோஸ், பீன்ஸ் துவரனுக்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை. கோஸில் பாலக்கின் ஆறில் ஒரு பங்குதான். மல்லியிலை தூவுவது, கறிவேப்பிலை தாளிப்பது எல்லாம் விட்டுவிடலாம். மல்லிச் சட்னியாகக் கிண்ணம் நிறைய என்றால் அது கீரைதான்.

யாரும் கேட்காத ஒரு விஷயம் எண்ணெய். தேங்காயெண்ணெயில் வைட்டமின் கே கிட்டத்தட்ட இல்லை. சூரியகாந்தியிலும் பாமாயிலிலும் சொற்பம். சோயா எண்ணெயில் 100 கிராமுக்கு 180-க்கு மேல். 2025-இல் தேங்காயெண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது பல அடுப்புகளில் எண்ணெய் மாறியது. சூரியகாந்திக்கு மாறியிருந்தால் கவலையில்லை. நாளுக்கு மூன்று மேசைக்கரண்டி சோயா எண்ணெய் உள்ளே போனால் சுமார் 75 மைக்ரோகிராம் புதிதாகச் சேர்கிறது. எண்ணெய் மாற்றிய வாரத்துக்கு அடுத்த வாரம் ஒரு ஐ.என்.ஆர் பார்த்துவிடுவது நல்லது.

ஆடி மாதமும் அப்படித்தான். அக்கரையில் அது கர்க்கடகம்; பத்து வகை இலை பறித்துத் தோரன் வைப்பார்கள், முருங்கையிலையை மட்டும் அந்த மாதம் ஒதுக்குவார்கள். சம்பந்தம் அந்தப் பக்கம் உள்ள வீடுகளில் இந்தப் பழக்கம் எல்லை தாண்டி வந்துவிடும். ஒன்று போய்ப் பத்து வருவது ஐ.என்.ஆருக்குத் தெரியும்.

அசெனோகூமரால் எடுப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 10 மணி நேரம், வார்ஃபரினுக்கு 40. ஒரு வேளை மறந்தால் அசெனோகூமராலில் சீக்கிரம் தெரியும். ஐ.என்.ஆர் ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் பார்த்ததும் ஒரு கட்டு கீரை சமைத்துச் சாப்பிட்டுச் சமன்செய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். இறங்கவேண்டிய அளவைவிடக் கீழே தள்ளிவிடும். ஈறில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத ஊதா நிறக் கன்றல் என்றால் மேலே போயிருக்கிறது. கீழே போய் வால்வில் கட்டி பிடித்தால் வேறு அடையாளம்: ராத்திரி அமைதியில் நெஞ்சிலிருந்து கேட்டுப் பழகிய அந்த 'டிக் டிக்' மங்கும், அல்லது நிற்கும், மூச்சு வாங்கும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று: பாரசிட்டமாலைத் தொடர்ந்து சில நாள், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போட்டால் ஐ.என்.ஆர் தானாகவே ஏறும். வலி மருந்தில் அதுதான் இவர்களுக்குப் பாதுகாப்பானது என்பது உண்மை. அளவும் நாளும் குறைவாக இருக்கும்வரை.

அல்ஃபாம், கீட்டோ, பீடி: மூச்சு மாத்திரையின் கணக்கு

இழுப்புக்குப் போடும் தியோஃபிலின் மாத்திரை சி.ஒய்.பி 1ஏ2 என்ற நொதியால் உடைபடுகிறது. குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்து. குமட்டல், கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று தொடங்கி, மிகையானால் வலிப்பு வரை போகும். குறைந்தால் இழுப்பு திரும்பும்.

இந்த நொதியின் அளவைத் தீர்மானிப்பதில் சாப்பாட்டுக்குப் பங்குண்டு என்று 1976-லேயே காட்டிவிட்டார்கள். ஆறு ஆரோக்கியமான ஆண்களை வழக்கமான உணவிலிருந்து மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவுக்கு மாற்றியதும் தியோஃபிலின் பாதியாகக் குறையும் நேரம் சராசரி 8.1 மணியிலிருந்து 5.2 மணிக்கு இறங்கியது. மாவுச்சத்துக்குத் திரும்பியதும் பழையபடி நீண்டது. அதே ஆண்டு வேறொரு சோதனையில், கரியில் சுட்ட மாட்டிறைச்சியை நாலைந்து நாள் தொடர்ந்து தின்றவர்களிடம் இதே நொதி உடைக்கும் ஃபெனாசெட்டின் என்ற மருந்தின் அளவு ரத்தத்தில் வெகுவாக விழுந்தது. கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் நொதி உற்பத்தியைத் தூண்டுகின்றன. பீடிப் புகையிலும் அவையே. நிகோட்டினுக்கு இதில் வேலையில்லை. ஆகவே பீடியை விட்டு நிகோட்டின் சூயிங்கத்துக்கு மாறினாலும், நொதியின் கணக்கில் அது புகை நிறுத்தியதாகவே சேரும்.

சனிக்கிழமை ராத்திரி மார்த்தாண்டத்தில் ஒரு அல்ஃபாம் (கரியில் சுட்ட கோழி) தின்பதால் எதுவும் ஆகிவிடாது. நொதி கூடவும் குறையவும் நாட்கள் வேண்டும். ஆபத்து பழக்கம் புரளும்போதுதான். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சம்பா அரிசிச் சோறுமாக இருந்தவர் ஜிம்மில் சொன்னதைக் கேட்டு மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ உணவுக்குப் போனால் அதே மாத்திரை பற்றாது. நாளுக்கு இரண்டு கட்டு பீடி பிடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை அதிகமாகிவிடும். ஒரு வாரத்திலேயே தியோஃபிலின் வெளியேறும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையலாம். நல்ல காரியம் செய்ததற்குப் படபடப்பு வரும். "பீடி விட்டதால்தான் உடம்பு கெட்டது" என்று சொல்லி மறுபடி பற்றவைப்பார். மனநல மருந்துகளில் குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்களுக்கும் இதே விதி.

இங்கே விலக்குவது வேண்டாத பத்தியம், நேரம் தள்ளுவது பயனில்லாதது. ஒரே மாதிரி இருங்கள். மாறுவதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி மருந்து மாற்றம்தான். தியோஃபிலின் இன்று இழுப்புக்கு முதல் தேர்வு அல்ல. நேராக நுரையீரலுக்குப் போகும் இன்ஹேலர் இருக்கிறது. அதற்கு அல்ஃபாமும் ஒன்றே, அவியலும் ஒன்றே. 'இன்ஹேலர் பழகிவிடும்' என்ற பயத்தில் மாத்திரையில் நிற்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. பயப்பட வேண்டியது மாத்திரைக்குத்தான்.

பட்டினியும் பாரசிட்டமாலும்: குறைக்க வேண்டியது மருந்தை

பாரசிட்டமாலில் பெரும்பங்கு குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்ஃபேட்டோடும் சேர்ந்து சாதுவாக வெளியேறிவிடும். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது சி.ஒய்.பி 2இ1 வழியாக ஒரு நஞ்சாகிறது. குளூட்டாதயோன் அதை உடனே அடக்கிவிடும். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரைக் கையிருப்பும் போச்சு, குளூட்டாதயோனும் இறங்கும். அதே இரண்டு மாத்திரை, நஞ்சுப் பங்கு கூடும், அடக்க ஆள் குறையும்.

உடல் நன்றாக இருந்து நன்றாகச் சாப்பிடும் பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. சாப்பாடு இறங்காதவர், 50 கிலோவுக்குக் குறைந்தவர், தினமும் குடிப்பவர் 2 கிராமில் நிற்பதே பாதுகாப்பு. 650-இல் மூன்று, ஆறு மணி நேர இடைவெளியில். சளி மாத்திரைகள் பலவற்றிலும் 325-உம் 500-உமாகப் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பார்த்து அதையும் கூட்ட வேண்டும். மிகையாகப் போட்டவருக்கு முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்று. மாற்று மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டைன் எட்டு மணி நேரத்துக்குள் ஏறினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். மஞ்சள் காமாலை தெரியட்டும் என்று காத்திருந்தால் பிந்திப்போகும்.

காய்ச்சல்காரருக்கு இங்கே கொடுக்கும் கஞ்சியும் சிறுபயறும் இந்தக் கணக்கில் மிகச் சரி. கஞ்சி சர்க்கரையைத் தருகிறது, பயறு கொஞ்சம் புரதம் தருகிறது. வெறும் கட்டன் சாயாவும் மாத்திரையும்தான் தப்பு.

மரச்சீனியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிழங்கில் உள்ள லினமரின் சயனைடைத் தரும். துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கம் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது. மீதியைக் கல்லீரல் தயோசயனேட்டாக மாற்றும். அதற்கு வேண்டிய கந்தகமும் புரதத்திலிருந்துதான். குளூட்டாதயோனுக்கும் அதே கிணறு. மரச்சீனிக்கு மீன் குழம்பு என்று சேர்த்துவைத்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்காது, ஆனால் சேர்க்கை சரி. மீன் வாங்க முடியாத வாரங்களில் ஒரு முட்டையாவது பக்கத்தில் இருக்கட்டும். கிழங்கும் காந்தாரி மிளகாயும் மட்டும் என்று நாட்கணக்கில் போனால் கிணறு வற்றும்.

கள்ளு விஷயம் சற்று நுணுக்கமானது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டினால் பாறசாலைப் பக்கம் கள்ளு ஷாப்பு உண்டு. தினக்குடி 2இ1 நொதியைக் கூட்டிவைக்கிறது, குளூட்டாதயோனைக் குறைக்கிறது. ஆனால் மது உடலில் இருக்கும்வரை அந்த நொதி மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மது இறங்கியதும் நொதிக்குக் கை ஓய்கிறது. அப்போது விழும் பாரசிட்டமால் முழுதாக அதன் வாயில் போகும். ஆக, மோசமான நேரம் குடிக்கும் ராத்திரி அல்ல, தலைவலியோடு எழும் மறுநாள். வாயில் புளிப்பே இல்லாத அக்கானியில் (பதநீர்) இந்தப் பிரச்சினை கிடையாது.

சுருக்கமாகச் சில

காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர், ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை மீன் தின்றால் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். கெட்ட மீனில் சேரும் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை மருந்து தடுக்கிறது. இதற்காக மீனையே நிறுத்துவது பெரிய தவறு. காசநோய்க்காரருக்குப் புரதம்தான் முதல் துணை. சூரை, அயிலை மட்டும் கரையேறிய அன்றே ஐஸில் வைத்ததாக இருக்கட்டும். சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென்று அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். அதில் முட்டை வாங்கலாம்.

நல்லமிளகில் உள்ள பைப்பரின், நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்த சோதனைகளில், தியோஃபிலின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் மூன்றையும் ரத்தத்தில் ஏற்றியது. ஒரு மிளகு சுமார் 50 மில்லிகிராம், அதில் இருபதில் ஒரு பங்கு பைப்பரின் என்று வைத்தால் பத்து மிளகில் 25 மில்லிகிராம். கஷாயத்தில் முழுதும் இறங்காது. ஆனாலும் ரசத்தில் தட்டிப்போடுவதும், சளிக்கு மூன்று வேளை பத்து மிளகு தட்டிக் குடிப்பதும் ஒன்றல்ல. ஃபெனிட்டாயின்காரர் கஷாயத்தைத் தவிர்க்கலாம், ரசத்தைத் தொடரலாம்.

மஞ்சளைக் குழம்பில் போடுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம். பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூலும், மாதக்கணக்கில் குடிக்கும் சீந்தில் கொடிச் சாறும் சிலரிடம் கல்லீரல் அழற்சியையே உண்டாக்கியிருக்கின்றன. மருந்தை உடைக்கும் உறுப்பையே உடைப்பதில் லாபமில்லை. கொலஸ்டிராலுக்கு மாத்திரைக்குப் பதில் இலும்பன் புளிச் சாறு குடித்து, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்கள் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். மீன் குழம்பில் புளிக்கு நாலு காய் போடுவது வேறு.

கார்த்திகை ஒன்றாம் தேதி

மேலே சொன்ன எல்லாம் ஒரே வாரத்தில் ஒருவர்மேல் வந்து விழும் நேரம் ஒன்று உண்டு: மாலை போடும் வாரம். மீனும் இறைச்சியும் நிற்கும், கீரை கூடும். பீடியும் கள்ளும் ஒரே நாளில் நிற்கும். ஒருவேளைச் சாப்பாடு. இரண்டாம் நாள் தலைவலிக்குப் பாரசிட்டமால். வால்வு மாத்திரைக்காரருக்கு ஐ.என்.ஆர் இறங்கும், தியோஃபிலின்காரருக்கு மருந்து ஏறும், குடித்துப் பழகியவருக்குக் கல்லீரல் பலவீனமாக இருக்கும் நாளில் மாத்திரை விழும். தவக்காலம் தொடங்கும்போதும், நோன்பு தொடங்கும்போதும் இதே சங்கதிதான், அளவில்தான் வித்தியாசம்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. மாலை போடுவதற்கு முந்தைய வாரம் ஐ.என்.ஆர் ஒன்று, போட்டு ஏழாம் நாள் ஒன்று. தியோஃபிலின் எடுப்பவர் பீடி நிறுத்தும் தேதியை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, அளவைக் குறைக்கவோ இன்ஹேலருக்கு மாறவோ கேட்க வேண்டும். தினமும் குடித்தவருக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் அது விரதத்தின் சோதனை இல்லை, மது நிறுத்திய விளைவு. வலிப்பு வருமுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாரசிட்டமால் நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் கஞ்சி குடித்த பிறகு. மலையிறங்கி மாலை கழற்றியதும் எல்லாம் தலைகீழாகும்: கீரை குறையும், மீன் திரும்பும், பீடியும் திரும்பலாம். நாற்பத்தொரு நாளில் இறங்கிய ஐ.என்.ஆருக்கு ஏற்றபடி மாத்திரையைக் கூட்டியிருந்தால், பழைய சாப்பாட்டுக்கு அது மிகை. மூன்றாவது ஐ.என்.ஆர் அந்த வாரத்துக்கு.